ஒரு தெருவை முடித்துவிட்டு அடுத்த தெரு: காவிரிப் படுகை ஊர்களில் பூனைப் பெருக்கத்தைக் குறைக்கும் வழி

காவிரிப் படுகை ஊர்களில் பூனைகள் சேரும் இடத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. மீன் மார்க்கெட்டின் பின்புறம், அரிசி ஆலையின் உமிக் குவியல் ஓரம், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் அடுக்கிய மூட்டைகளின் இடுக்கு, கோவில் மடப்பள்ளியின் பின்வாசல், கல்யாண மண்டபத்தில் எச்சில் இலை கொட்டும் மூலை ஆகியவற்றைப் பார்த்துவிட்டால் ஊரிலுள்ள தெருப்பூனைகளில் பெரும்பகுதியைப் பார்த்தாகிவிட்டது. நெல் விளையும் பூமியில் எலிக்குப் பஞ்சமில்லை என்பதால் இரண்டு மூன்று பூனைகள் திரிவதை இங்கே யாரும் குறை சொல்வதில்லை. அவை பத்துப் பதினைந்தாகி, இரவெல்லாம் ஓட்டின் மேல் சண்டையிட்டு, மூத்திர வாடை திண்ணை வரை வந்த பிறகுதான் சாக்கைத் தேடுகிறார்கள். குட்டிகளைச் சாக்கில் போட்டு அடுத்த ஊர் ஆற்றங்கரையிலோ சந்தையிலோ விட்டுவிட்டு வருவது காலங்காலமாக நடக்கிறது; பூனைகளின் எண்ணிக்கை அதனால் எந்த ஊரிலும் குறைந்ததில்லை.

குறைவதற்கு உள்ள வழி, பூனைகளைக் கூண்டு வைத்துப் பிடித்து, கருத்தடை அறுவை சிகிச்சை செய்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவது. ஒரே தெருவைச் சேர்ந்த நான்கைந்து பேர் பொறுப்பெடுத்துக்கொண்டால் இதைச் செய்து முடிக்க முடியும். என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

சாக்கு ஏன் உதவாது

ஓரிடத்தில் எத்தனை பூனைகள் வாழும் என்பதை அங்கே கிடைக்கும் தீனியும் ஒதுங்கிடமும் தீர்மானிக்கின்றன. மீன் செதிலும் எச்சில் சோறும் அப்படியே இருக்க, பூனைகளை மட்டும் அப்புறப்படுத்தினால், பக்கத்துத் தெருப் பூனைகள் சில மாதங்களில் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எஞ்சியவை போடும் குட்டிகளும் போட்டி குறைந்ததால் முன்பைவிட அதிகமாகப் பிழைக்கும். கருத்தடை செய்த பூனையைத் திரும்ப அதே இடத்தில் விடும்போது, அது தன் எல்லையை விட்டுக்கொடுக்காமல் இருந்துகொண்டே குட்டி போடாமலும் இருக்கிறது. எண்ணிக்கை மெதுவாகத்தான் இறங்கும். ஆனால் தொடர்ந்து கவனித்துவந்தால் இறங்கியது மறுபடி ஏறாது.

பெண் பூனை நான்கு ஐந்து மாத வயதிலேயே பருவத்துக்கு வந்துவிடக்கூடும். அது சினையாக இருக்கும் காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம். ஒரு தடவைக்கு மூன்று முதல் ஐந்து குட்டிகள் என்பது சாதாரணம். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி சினையாக முடியும். பகல் நேரத்தின் நீளம் கூடும்போது பூனைகள் பருவத்துக்கு வருகின்றன; குளிர்நாடுகளில் இதனால் குட்டி போடும் பருவம் தனியாக உண்டு. பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாத நம் பகுதியில் எந்த மாதத்திலும் குட்டிகளைப் பார்க்கலாம். ஒரு ஜோடிப் பூனை ஏழு ஆண்டுகளில் 4,20,000 ஆகிவிடும் என்று துண்டுப் பிரசுரங்களில் அச்சிடுகிறார்களே, அதை நம்பவும் வேண்டாம், பரப்பவும் வேண்டாம். தெருவில் பிறக்கும் குட்டிகளில் பாதிக்கு மேல் ஆறு மாதத்தைத் தாண்டுவதில்லை. நாய், வண்டிச் சக்கரம், பசி, பார்வோ வகை வைரஸ் நோய் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று கொண்டுபோய்விடுகிறது. அந்தச் சாவுகளைக் குறைப்பதற்கும் கருத்தடைதான் வழி. எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டிப் பயமுறுத்துவதைவிட இதைச் சொன்னால் தெருவில் கேட்கிறார்கள்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

எந்தெந்தப் பூனைகள், எங்கே, எப்போது வருகின்றன என்பது தெரியாமல் கூண்டைத் தூக்கக் கூடாது. விடியற்காலையிலும் இருட்டத் தொடங்கும் நேரத்திலும் ஒரு வாரம் தொடர்ந்து பார்த்து, ஒவ்வொரு பூனைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, நிறம், வாலின் நீளம், ஆணா பெண்ணா, வீட்டுப் பூனையா தெருப்பூனையா, சோறு வைப்பவர் யார் ஆகியவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டால் சாம்பல் வரிப் பூனைகள் நான்கை ஒன்றென்று எண்ணும் குழப்பம் வராது. மூன்று நிறம் கலந்த பூனை அநேகமாகப் பெண்ணாகவே இருக்கும். செம்மஞ்சள் பூனைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று கடுவன். முகம் அகன்று, கன்னம் தடித்து, காதிலும் கழுத்திலும் கீறல் தழும்புகளோடு வருவது வயதான கடுவன் என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

யாருக்கும் சொந்தமில்லாதது என்று நாம் நினைக்கும் பூனைக்கு மூன்று வீட்டில் மூன்று பெயர் இருக்கும். ஆகவே வீடுவீடாகப் போய்க் கேட்பது மரியாதைக்காக மட்டுமன்று. கருத்தடைக்குக் கொண்டுபோன பூனையைக் காணவில்லை என்று மறுநாள் சண்டைக்கு வராமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான். அப்படிப் போகும்போது ஏதாவது ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர், "பாவம் தம்பி, வாயில்லா ஜீவன், ஒரு தடவையாவது குட்டி போட்டுட்டுப் போகட்டுமே" என்பார். ஒரு தடவை குட்டி போடுவதால் பூனைக்கு எந்த ஆரோக்கியமும் கூடுவதில்லை. முதல் பருவத்துக்கு முன்பே, அதாவது ஆறு மாதத்துக்குள், அறுவை சிகிச்சை செய்தால் மார்புக் கட்டி வரும் வாய்ப்பு மிகவும் குறைகிறது. கருப்பையில் சீழ் கட்டும் நோய்க்கு இடமே இல்லாமல் போகிறது. இதைச் சொல்லிவிட்டு, "போன தடவை போட்ட குட்டியெல்லாம் இப்ப எங்கேம்மா?" என்று கேளுங்கள். அவரே யோசிப்பார்.

ஒரு தெருவின் பெண் பூனைகளில் பத்துக்கு ஏழாவது கருத்தடை ஆகாத வரை எண்ணிக்கை இறங்குவதைக் கண்ணால் காண முடியாது. நான்கு தெருக்களில் இரண்டிரண்டு பூனைகளுக்குச் செய்வதைவிட, ஒரே தெருவில் எட்டுக்கும் செய்வது பல மடங்கு பயன் தரும். கடுவன்களை விட்டுவிட்டுப் பெண்களை முதலில் பிடியுங்கள். எஞ்சிய ஒரே ஒரு கடுவன் தெரு முழுவதற்கும் போதும் என்பதால், ஆண்களுக்கு மட்டும் செய்து குட்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிட முடியாது. சண்டை, அலறல், சுவரில் மூத்திரம் பீய்ச்சுதல் ஆகியவை அடங்குவதற்காகக் கடுவன்களுக்கும் பிறகு செய்யலாம். அறுவை முடிந்த கடுவன் அடுத்த சில வாரங்கள் வரை சினையாக்கும் திறனோடு இருக்கும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோற்றை ஒழுங்குக்குக் கொண்டுவருவது

கூண்டில் பூனை விழுவதும் விழாமல் போவதும் அதற்கு முந்தைய இரண்டு வாரச் சாப்பாட்டைப் பொறுத்தது. ஆளுக்கொரு நேரத்தில் ஆளுக்கொரு வாசலில் வைப்பதை நிறுத்தி, ஒரே இடத்தில், தினமும் ஒரே நேரத்தில், அரை மணி நேரம் மட்டும் தட்டை வைத்து, பிறகு எடுத்துவிட வேண்டும். நேரம் தெரிந்ததும் பூனைகள் தாமாகவே வந்து காத்திருக்கும், கணக்கெடுப்பும் எளிதாகும், மிச்சச் சோற்றுக்கு எலியும் நாயும் சேராது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது குழந்தைகள் விளையாடும் இடம், வீட்டு வாசற்படி, பாதை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். 2001-ஆம் ஆண்டின் நாய்களுக்கான விதிகளுக்குப் பதிலாக 2023-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட விலங்குக் கருத்தடை விதிகள், தெரு விலங்குகளுக்கு உணவு வைக்கும் இடத்தைப் பற்றி இதையே சொல்கின்றன. யாராவது ஆட்சேபித்தால் எடுத்துக் காட்டவும் அது பயன்படும்.

தயிர்சாதமும் பால்சோறும் மட்டும் தின்று வளரும் பூனைகள் நம் ஊரில் ஏராளம். பூனையின் உடம்பு டாரின் என்ற சத்தைப் போதுமான அளவு தானாகத் தயாரிப்பதில்லை. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் பெற வேண்டும். அது நெடுநாள் கிடைக்காவிட்டால் கண் பார்வை போகும், இதயம் வீங்கும். மார்க்கெட்டில் கழித்துப் போடும் மீன் தலையையும் குடலையும் வாங்கி வேகவைத்து, வெந்த தண்ணீரையும் கொட்டாமல் சோற்றோடு பிசைந்து, சோறு குறைவாகவும் மீன் அதிகமாகவும் வைப்பது செலவில்லாத நல்ல சாப்பாடு. வேகும்போது டாரின் தண்ணீரில் இறங்கிவிடுவதால்தான் அந்தத் தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்கிறேன். மீந்த சாம்பாரும் குழம்பும் வேண்டாம்: சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பக்கத்திலேயே அகலமான மண்சட்டியில் தண்ணீர். தினமும் மாற்ற வேண்டும்.

டாக்டரிடம் முன்கூட்டியே பேச வேண்டியவை

நம் பகுதிக் கால்நடை மருந்தகங்களில் ஆடு மாடுதான் பெரும்பாலும் வருகிறது. மாட்டுக்குப் பிரமாதமாக வைத்தியம் பார்க்கும் மருத்துவர் பூனைக் கருத்தடையில் பழக்கமில்லாதவராக இருக்கலாம். அது குறையன்று, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். ஒரத்தநாட்டில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் செல்லப் பிராணிகளுக்கான தனியார் மருத்துவர்கள் இருக்கிறார்கள். உள்ளாட்சிகளின் கருத்தடைத் திட்டங்கள் பெரும்பாலும் நாய்களை வைத்தே தீட்டப்பட்டவை என்பதால், பூனைக்கு நீங்களே ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

கூண்டு வைக்கும் நாளுக்கு முன்பே மருத்துவரிடம் பேசி முடிக்க வேண்டியவை சில உண்டு. கைக்கு அடங்காத பூனையைக் கூண்டுக்குள் வைத்தே மயக்க ஊசி போடுவாரா என்று கேளுங்கள். பிரிக்கத் தேவையில்லாத, தானே கரையும் நூலில் தையல் போடச் சொல்லுங்கள். தெருப்பூனையை மறுபடி பிடித்துத் தையல் பிரிப்பது நடக்கிற காரியமில்லை. விலாப்பக்கமாக அறுத்துச் செய்ய முடியுமா என்றும் கேட்கலாம்: தூரத்தில் நின்றே காயத்தைப் பார்க்க முடியும் என்பதோடு, பால் கொடுக்கும் தாய்க்கு மடிப்பக்கம் தொந்தரவும் இராது. மயக்கத்தில் இருக்கும்போதே வெறிநோய்த் தடுப்பூசி, வயிற்றுப்பூச்சி மருந்து, வலி மருந்து, பல நாள் வேலை செய்யும் ஆன்டிபயாடிக் ஊசி ஆகியவற்றையும் போட்டுவிட வேண்டும். இடது காதின் நுனியை நேர்கோடாக ஒரு சென்டிமீட்டர் அளவு வெட்டிவிடச் சொல்வது மிக முக்கியம். கேட்கக் கொடுமையாகத் தோன்றும். மயக்கத்தில் நடப்பது, இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும். அந்த அடையாளம் இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அதே பூனையை மறுபடி பிடித்து, மறுபடி மயக்கி, வயிற்று முடியை மழித்துத் தழும்பைத் தேட வேண்டிவரும்.

"ஊசி போட்டால் பருவத்துக்கு வராது, ஆபரேஷன் எதற்கு?" என்று மருந்துக் கடையில் யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அந்த ஹார்மோன் ஊசிகளும் மாத்திரைகளும் கருப்பையில் சீழ் கட்டுவதற்கும் மார்புக் கட்டிக்கும் வழி வைக்கக்கூடியவை.

கூண்டு

இரண்டரை அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதலான உயரம். அரை அங்குல வெல்டு மெஷ். உள்ளே கடைக்கோடியில் காலால் மிதித்தால் முன்கதவு விழும் தகடு. எந்தக் கிரில் பட்டறையிலும் பெரிய எலிக்கூண்டு என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். அவர்களிடம் மூன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கதவு விழுந்ததும் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பூனை மூக்கால் தூக்கிக்கொண்டு போய்விடும். பின்பக்கமும் மேலே இழுத்துத் திறக்கும் ஒரு கதவு வேண்டும். உள்பக்கம் கம்பி முனை ஒன்றுகூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பயந்த பூனை முதல் நிமிடத்திலேயே முகத்தைக் கம்பியில் மோதும். மேலே கைப்பிடியின் கீழ் ஒரு தகட்டையும் வைத்துவிட்டால் தூக்குகிறவர் விரல் தப்பும்.

கூண்டைக் கதவு விழாதபடி கயிற்றால் கட்டித் திறந்தே வைத்து, நான்கைந்து நாள் சாப்பாட்டை அதன் உள்ளே வையுங்கள். முதல் நாள் வாயிலில், அடுத்த நாள் நடுவில், பிறகு தகட்டுக்கு அந்தப்பக்கம். பிடிக்கப்போகும் நாளுக்கு முந்தைய இரவு யாரும் சாப்பாடு வைக்கக் கூடாது என்று தெரு முழுவதும் சொல்லிவைக்க வேண்டும். பரிதாபப்பட்டு ஒரு வீட்டில் மட்டும் வைத்துவிட்டால் அன்றைய வேலை கெட்டது. பட்டினி அறுவைக்கும் தேவையானதுதான்: வளர்ந்த பூனை மயக்கத்துக்கு முன் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும், குட்டிக்கு அதைவிட மிகக் குறைந்த நேரமே போதும், மருத்துவர் சொல்லும் நேரத்துக்கு மேல் போகக் கூடாது. தண்ணீரை நிறுத்த வேண்டாம்.

விடியற்காலையில், தெருவில் கோலம் போட ஆள் வருவதற்கு முன், கூண்டைச் சுவரோரமாகத் தரை ஆடாத இடத்தில் வைத்து, தகட்டின் மேல் செய்தித்தாள் விரித்து, அதன் அப்புறம் விரல் நுனியளவு வாட்டிய நெத்திலிக் கருவாட்டை வையுங்கள். வாடை தூக்கலாகவும் அளவு குறைவாகவும் இருக்க வேண்டும். வாயிலிலிருந்து உள்ளே வரை ஒன்றிரண்டு துணுக்குகளைத் தூவிவிட்டு, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஒதுங்கி நில்லுங்கள். பூனை முதலில் கூண்டைச் சுற்றி வரும். கழுத்தை மட்டும் நீட்டும், பின்வாங்கும், உட்கார்ந்து முன்காலை நக்கும். பிறகு வயிறு தரையில் படும்படி தாழ்ந்து, ஒவ்வொரு காலாக வைத்து நுழையும். பின்னங்கால் வாயிலைத் தாண்டிய பிறகும் வால் வெளியே இருக்கும். அந்த நேரத்தில் யாரும் இருமக்கூடக் கூடாது. கதவு விழுந்த மறுகணம் ஓடிப்போய்ப் பழைய வேட்டியாலோ தடித்த போர்வையாலோ கூண்டு முழுவதையும் மூடிவிட வேண்டும். வெளிச்சம் மறைந்ததும் பெரும்பாலான பூனைகள் அடங்கிவிடும். கூண்டை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு வருவது என்ற பேச்சே கூடாது. வெயிலில் மாட்டிய பூனையும், கூண்டைச் சூழ்ந்த நாய்களும் அரை மணி நேரத்தில் காரியத்தைக் கெடுத்துவிடும்.

எவ்வளவு பழகிய பூனையாக இருந்தாலும் வெறுங்கையால் பிடித்துச் சாக்கில் போட முயல வேண்டாம். பல்லோ நகமோ பட்டால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். அது அங்கே இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் ஊசி. சுண்ணாம்பும் மஞ்சளும் வைத்துக் கட்டிவிட்டு இருந்துவிடக் கூடாது.

வயல் ஓரத்திலும் வாழைத் தோட்டத்திலும் கூண்டு வைத்தால் வேறு விருந்தாளிகளும் வரலாம். நீண்ட கால்கள், மணல் நிறம், கருவளையங்களோடு குட்டையான வால், காது நுனியில் சிறு குச்சம் இருந்தால் அது காட்டுப்பூனை. மரநாயும் விழும். இரண்டும் 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பின்கதவைத் திறந்து உடனே போகவிட வேண்டும்.

அறுவை முடிந்த பின்

இதற்கு யாராவது ஒருவர் வீட்டில் ஓர் அறை வேண்டும்: நாய் நுழையாத, கதவு சாத்தக்கூடிய, ஒழுகாத அறை. மாட்டுக் கொட்டகையின் தடுப்பறையும் போதும். பூனை மயக்கம் தெளியும் வரை பக்கவாட்டில் படுத்திருக்கட்டும். கண் திறந்தே இருக்கும் என்பதால் தூசி படாமல் கூண்டை மூடியே வையுங்கள். மயக்கத்தில் உடல் சூடு இறங்கும் என்பதால் மின்விசிறிக்கு நேராகவோ வெறும் சிமென்ட் தரையிலோ வைக்காமல், அடியில் சாக்கும் பழைய துணியும் போட வேண்டும். நன்றாக எழுந்து நின்ற பிறகுதான் தண்ணீர், அதன் பிறகு கொஞ்சம் சாப்பாடு. கடுவனை மறுநாளே விடலாம். பெண்ணை ஒன்று முதல் இரண்டு நாள் வைத்திருந்து, சாப்பிடுகிறதா, தையல் உலர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு விட வேண்டும். ஈறு வெளுத்துப்போதல், தையலிலிருந்து ரத்தம் சொட்டுதல், மாலை வரை தலை தூக்காமல் கிடத்தல் இவற்றில் எதைக் கண்டாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

வலிக்கிறதே என்று வீட்டிலுள்ள பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். அறையைப் பினாயில் ஊற்றிக் கழுவுவதும் ஆபத்துதான். பாதத்தில் ஒட்டியதைப் பூனை நக்கும், அந்த நஞ்சைக் கழிக்கும் சக்தி அதன் ஈரலுக்கு இல்லை. சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைத்து, மறுபடி நல்ல தண்ணீர் விட்டு, காய்ந்த பிறகு பயன்படுத்துங்கள். குட்டிகளைக் கூட்டமாகக் கொல்லும் பார்வோ வகை வைரஸ் மாதக் கணக்கில் தரையில் உயிரோடிருக்கும். அதை அழிப்பது பிளீச்சிங் பவுடர்தான். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தையும் பூனைமேல் ஊற்ற வேண்டாம். அவற்றில் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு.

திரும்ப விடும்போது பிடித்த அதே இடம்தான். பூனை அதிகம், இன்னொரு தெருவுக்குக் கொண்டுபோகலாம் என்ற யோசனை இந்த நேரத்தில் கட்டாயம் வரும். வழி தெரியாத இடத்தில் விட்ட பூனை பெரும்பாலும் வண்டியிலோ நாயிடமோ மாட்டுகிறது, அல்லது பழைய இடத்தைத் தேடித் தொலைந்துபோகிறது. கோடியக்கரை, வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் போன்ற பறவைகள் சரணாலயப் பகுதிகளில் கொண்டுபோய் விடுவது இன்னும் மோசம். பூனை நல்ல வேட்டைக்காரன். தரையிலும் தாழ்ந்த கிளையிலும் கூடு வைக்கும் பறவைகளுக்கு அது எமன்.

குட்டிகளும் தாயும்

பிடித்த பெண்ணின் மடி தடித்து, காம்பைச் சுற்றி முடி உதிர்ந்திருந்தால் எங்கோ குட்டிகள் இருக்கின்றன. பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். பரண், வைக்கோல் போர், மூடிக்கிடக்கும் வீட்டின் முற்றம் என்று தேடிக் கண்டுபிடித்துவிட்டால் நல்லது. குட்டிகள் ஐந்தாறு வாரம் ஆகித் தாமாகச் சாப்பிடத் தொடங்கும் வரை தாயின் அறுவையைத் தள்ளிப்போடலாம். மறுபடி பிடிக்க முடியாத பூனை என்றால் அன்றே செய்து, முழுக்கத் தெளிந்ததும் அன்று மாலையே விட்டுவிட வேண்டும். அறுவையால் பால் வற்றிவிடாது.

தனியாகக் கிடக்கும் குட்டியைப் பார்த்தவுடன் தூக்கிவருவது நல்ல மனம், ஆனால் தாய் இரை தேடிப் போயிருக்கலாம். சில மணி நேரம் ஒதுங்கி நின்று பார்க்க வேண்டும். தாய் வரவே இல்லையென்றால் முதலில் சூடு, பிறகுதான் பால். உடம்பு சில்லென்றிருக்கும் குட்டிக்குப் பால் செரிக்காது. பசும்பால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். பூனைக்குட்டிகளுக்கென்று விற்கும் பால் பவுடரை வாங்கி, குப்புறப் படுத்த நிலையில் ஊட்ட வேண்டும், மல்லாத்திப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். மனிதரோடு பழகுவதற்கு ஏற்ற வயது இரண்டு முதல் ஏழெட்டு வாரம் வரை. அந்த வயதில் கையில் எடுத்து வளர்த்தவற்றுக்கு வீடு தேடிக் கொடுக்கலாம். கொடுக்கும்போதே கருத்தடைக்கான தேதியையும் பேசிக்கொள்ள வேண்டும். வாங்குபவர் வீட்டில் கர்ப்பிணி இருந்தால், பூனையின் மலத்தை வேறொருவர் தினமும் அள்ளிவிடச் சொல்லுங்கள். கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி, மலத்தில் வெளிவந்து தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அதற்காகப் பூனையை வெளியேற்ற வேண்டியதில்லை.

எந்த மாதத்தில் தொடங்குவது

அறுவடை முடிந்து வயல் காய்ந்திருக்கும் தை முதல் பங்குனி வரைதான் உள்நாட்டு ஊர்களுக்கு நல்ல காலம். ஐப்பசி கார்த்திகையில் அடைமழையும் புயலும்; தையல் ஈரமாகும், அடைத்து வைக்க உலர்ந்த இடம் கிடைக்காது. நாகப்பட்டினம் போன்ற கடலோரங்களில் கணக்கு வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. துறைமுகத்துப் பூனைகள் மீன் கழிவையே நம்பியிருப்பவை என்பதால் அந்த இரண்டு மாதம் பசியோடு திரிகின்றன. சாப்பாடு வைத்து அவற்றைக் காப்பாற்றுவதும், மற்ற நாளில் கூண்டைத் திரும்பிப் பாராத பூனைகளைப் பிடிப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும். வெயில் கடுமை என்பதால் காலை ஏழு மணிக்குள் வண்டி ஏறிவிட வேண்டும்.

வயலில் எலி மருந்து வைக்கும் நாள்களையும் விவசாயிகளிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். புரோமாடியோலோன் தின்ற எலியைப் பூனை தின்றால் சில நாள் கழித்து உடலுக்குள் ரத்தம் கசியத் தொடங்கும். உடனே கொண்டுபோனால் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்ற வாய்ப்புண்டு. மருந்துக்குப் பதிலாக, மூங்கிலில் செய்யும் தஞ்சாவூர் கிட்டி என்ற எலிப்பொறியை வைக்கச் சொல்லிப் பேசிப் பார்க்கலாம். எலி சாகும், பூனையும் ஆந்தையும் பிழைக்கும், மருந்துக் காசும் மிச்சம்.

காசும் ஊர்ப்பேச்சும்

செலவு என்பது அறுவைக் கட்டணம், ஊசி, ஆட்டோ வாடகை, கூண்டு. வசூலையும் செலவையும் மொய் நோட்டு எழுதுவது போலப் பெயர், தொகை, தேதியோடு எழுதி, கேட்பவர் யாருக்கும் காட்டும்படி வைத்திருக்க வேண்டும். பூனையின் படத்தோடு, "இதற்கான செலவு இவர் கொடுத்தது" என்று தெருக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டால் அடுத்த பூனைக்குக் கேட்காமலே காசு வரும்.

கோவில் வளாகம் என்றால் செயல் அலுவலரிடமும், தர்கா என்றால் நிர்வாகத்திடமும், மார்க்கெட் என்றால் வியாபாரிகள் சங்கத்திடமும் எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய உதவி ஒன்றுதான்: கழிவுத் தொட்டிக்கு மூடி. தீனி குறைந்தால்தான் புதுப் பூனைகள் வருவது குறையும்.

விஷம் வைக்கப்போவதாக மிரட்டுபவரும் எந்தத் தெருவிலும் ஒருவர் இருப்பார். அவருடைய புகார் பெரும்பாலும் நியாயமானது: கோழிக்குஞ்சு போயிருக்கும், சமையலறையில் பால் கவிழ்ந்திருக்கும், காயவைத்த கருவாடு காணாமல் போயிருக்கும். முதலில் அதைக் காது கொடுத்துக் கேட்டு, அவர் வீட்டுப் பக்கம் வரும் பூனையையே முதலில் பிடித்துக்கொண்டு போங்கள். அதற்கும் அசையாவிட்டால், விலங்குகளைக் கொல்வதும் விஷம் வைப்பதும் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்பதையும், 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் தனியே இருப்பதையும் அமைதியாகச் சொல்லலாம்.

தெரு முடிந்த பிறகு

கடைசிப் பூனையின் காது நுனி வெட்டப்பட்ட பிறகும் சாப்பாட்டு நேரம் தொடர வேண்டும், ஏனென்றால் புது முகம் வந்தால் தெரிவது அங்கேதான். இரண்டு காதும் முழுதாக உள்ள பூனை ஒன்று வரிசையில் வந்து உட்கார்ந்தால், அது தானாக வந்ததா யாராவது கொண்டுவந்து விட்டதா என்று விசாரித்து, அந்த மாதத்துக்குள்ளேயே கூண்டு வைத்துவிடுங்கள். ஒரு பெண் பூனையைத் தவறவிட்டால் ஒன்பது வாரத்தில் பழைய கதை. ஆண்டுக்கொரு முறை, பொங்கல் கழிந்ததும், நோட்டை எடுத்து மறுபடி எண்ணிப் பார்த்து, இறந்தவற்றையும் காணாமல் போனவற்றையும் குறித்துக்கொண்டு, பிடிக்க முடிந்தவற்றுக்கு வெறிநோய்த் தடுப்பூசியைத் திரும்பப் போட வேண்டும். அடுத்த தெருக்காரர்கள் கூண்டு இரவல் கேட்டால் கொடுங்கள். கொடுக்கும் முன்பும் திரும்பி வந்த பின்பும் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவி, ஒரு பகல் முழுக்க வெயிலில் காயவைத்து, கதவின் பூட்டு சரியாக விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.